பேப்பர்ல வரட்டும்

வடக்கு அந்தமானில், திக்லிபூர் பஜாரில் அந்த மெஸ்ஸுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் ஒரு நைலான் கயிறு, அதில் துணிக் கிளிப் மாட்டித் தொங்கும் ஒரு தமிழ்ப் பேப்பர். அதுதான் அடையாளம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே சாப்பிடப் போன நான், கை கழுவிக்கொண்டே பேப்பரில் தேதியைப் பார்த்தேன். போன வாரத்துத் தேதி.

"இன்னைக்குப் பேப்பர் வரலையாக்கா?"

"இதுதான் சிஸ்டர் இன்னைக்குப் பேப்பர்" என்றார் மெஸ் நடத்துகிறவர், சோற்றுக் கரண்டியோடு. "தேதி வேணும்னா செவுத்துல காலண்டர் தொங்குது, பாத்துக்குங்க."

அப்படித்தான் அந்த அக்கா எனக்கு அறிமுகம். அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. ரேஷன் கார்டைத் தாண்டி அது எங்கும் புழங்கியதில்லை. தமிழர், வங்காளி, தெலுங்கர், எல்லோருக்கும் அவர் மெஸ் அக்கா. நான் அரசு ஆஸ்பத்திரியில் ஒப்பந்த நர்ஸ், அதனால் ஊருக்கே சிஸ்டர். சமைக்கத் தெரியாத எனக்கு மூன்று வேளையும் அவர் கை சோறுதான்.

சென்னையில் அச்சாகும் பேப்பர் திக்லிபூர் வந்து சேர்வது லேசான காரியமில்லை. விமானத்தில் போர்ட் பிளேருக்கு வரவேண்டும். அங்கிருந்து பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கக் காட்டுப் பாதை, நடுவில் பஸ்ஸையே ஜங்கார் என்ற மிதவைக் கப்பலில் ஏற்றிக் கடலைத் தாண்டவேண்டும். பஸ் ஓட்டிவரும் வங்காளி டிரைவரை எல்லோரும் தாதா என்போம், அவர்கள் பாஷையில் அண்ணன். அவர்தான் தன் சீட்டுக்குப் பின்னால் பேப்பரை வைத்துக் கொண்டுவருவார். காற்று அடித்தால் விமானம் இறங்காது, ஜங்கார் ஓடாது, பாதையில் மரம் விழுந்து கிடக்கும். அப்புறம் எல்லாம் சேர்த்து ஒரே கட்டாக வரும்.

கட்டு வந்தால் வேறு யாராக இருந்தாலும் புதுசை உருவிப் படிப்பார்கள். அக்கா தேதிப்படி அடுக்கித் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். தினம் காலையில் ஒரு பேப்பர் வெளியே வரும். ஒன்றே ஒன்றுதான். தீபாவளி, பொங்கல் என்று பேப்பர்காரர்கள் லீவு விடும்போது மட்டும் உலகத்தை ஒரு நாள் அளவுக்கு எட்டிப் பிடிப்பார். அடுத்த மழையில் மறுபடியும் பின்தங்கிவிடுவார். மெஸ்ஸில் இன்றைக்குப் போன புதன்கிழமை என்று பஜாரில் கேலி பேசுவார்கள். மேட்ச் முடிவு தெரிந்த ஆள் எவனாவது அங்கே வாயைத் திறந்தால் அவனுக்கு ரசத்தோடு சரி, மோர் கிடையாது.

"புதுசை முதல்ல படிச்சா என்னக்கா குடி முழுகிடும்?" என்று கேட்டேன்.

"நீங்க பிரசவம் பாக்கிறவங்க. மாசம் ஆகாம பிள்ளை வெளிய வந்தா விடுவீங்களா? அது அது மொறையில வரணும் சிஸ்டர்."

மத்தியானம் கூட்டம் குறைந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு செய்தியைச் சத்தமாகப் படிப்பார். தீவில் பிறந்து இந்திப் பள்ளிக்கூடத்தில் சில வகுப்பு படித்தவர். தமிழ் எழுத்தைப் பேப்பரை வைத்தே கூட்டிக் கூட்டிக் கற்றுக்கொண்டவர். அதனால்தானோ என்னவோ, அச்சில் இருக்கும் எழுத்து பொய் சொல்லும் என்பது அவர் புத்திக்கு எட்டவே எட்டாது. எனக்கோ பேப்பர்காரன் என்றாலே இளக்காரம்.

"காசு குடுத்தா என்ன வேணா போடுவான்க்கா. இங்க பாருங்க, வழுக்கையில முடி முளைக்குமாம்."

"முளைக்கும். நாலு பேர் பாக்கிற பேப்பர்ல போட்டுட்டு ஏமாத்துவானா? பின்னாடி அவனைச் சும்மா விடுவாங்களா?"

அக்கா பேச்சைக் கேட்டுத் தாதா அந்த எண்ணெயை வரவழைத்துத் தேய்த்தார். அவர் தலை இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. அக்கா அசரவில்லை. தாதா ஒழுங்காகத் தேய்த்திருக்க மாட்டார் என்றுவிட்டார்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே அவரே சொன்னார்.

"வீட்டுக்காரர் கார் நிக்கோபார் தீவுல கட்டட வேலைக்குப் போயிருந்தாரு. சுனாமி வந்துச்சு. பிள்ளை அப்ப கைக்குழந்தை. ஒருத்தன் வந்து, போர்ட் பிளேர் கேம்ப்ல உன் ஆளைப் பாத்தேன்னான். பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடினேன். இல்ல. இன்னொருத்தன், கப்பல் ஏறி மெயின்லேண்டுக்குப் போயிட்டாருன்னான். கப்பல் துறையில போய் நின்னேன். காலுல கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியில படுத்திருக்காருன்னு வேற ஒருத்தன். எல்லாரும் நல்லதத்தான் சிஸ்டர் சொன்னாங்க. ஒருத்தனும் பொய் சொல்லணும்னு சொல்லல. கடைசியில பேப்பர்ல பேரு வந்துச்சு. ஊரு, அப்பன் பேரு, எல்லாம் சரியா. அதுவரைக்கும் கண்ணுல ஒரு சொட்டு வரல. அன்னைக்குத்தான் அழுதேன். அழுது முடிச்சிட்டு சோறு தின்னேன். அவ்வளவுதான்."

அதற்கப்புறம் சில நாள் நான் பேப்பரைப் பற்றிக் கிண்டல் பேசவில்லை.

இன்னொரு சம்பவமும் உண்டு. ஒரு நாள் பகலில் எல்லோர் போனிலும் வாட்ஸப் தகவல் வந்தது. கடல் வருகிறது, மேட்டுக்கு ஓடுங்கள் என்று. பஜாரே எழுந்து ஓடியது. நான் ஊசித் தட்டைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் கையோடு தூக்கிக்கொண்டு ஓடினேன். மேட்டில் நின்று எண்ணிப் பார்த்தால் அக்காவைக் காணோம். திரும்பி வந்தபோது அவர் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். கடல் அது இருந்த இடத்தில் இருந்தது. அன்றிலிருந்து பஜாரில் அக்காவின் மதிப்பு ஏறிப்போயிற்று. யாராவது எதையாவது போனில் பார்த்துவிட்டுப் பதறினால், மற்றவர்கள் அக்காவின் குரலிலேயே "பேப்பர்ல வரட்டும்" என்பார்கள். எல்லோரும் சிரிப்போம். பின்னால் நடந்ததில் எங்கள் சிரிப்புக்கும் ஒரு பங்கு உண்டு என்று இப்போது தோன்றுகிறது.

அந்தக் கைக்குழந்தை வளர்ந்து வாலிபனாகிச் சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போனான். கலகலப்பான பையன். பாக்கு மரத்திலிருந்து விழுந்து தாடையைக் கிழித்துக்கொண்டு வந்தபோது நான்தான் தையல் போட்டேன். வலிக்கும்போதுகூடச் சிரித்தான். போனில் அம்மாவைச் சீண்டுவான். "ஒரு வாரம் கழிச்சுத்தானே இது உனக்குக் காதுல விழும்?" என்பான். அக்கா சிரித்துக்கொண்டே திட்டுவார். ஆஸ்பத்திரிப் பக்கம்தான் கொஞ்சம் டவர் கிடைக்கும் என்பதால், அவசரத்துக்கு என்று தன் அறைக் கூட்டாளியிடம் அவன் என் நம்பரைக் கொடுத்து வைத்திருந்தான்.

அந்த வருஷம் புயல் சின்னம் ஒன்று நகராமல் நின்றுகொண்டே இருந்தது. பஸ் இல்லை, விமானம் இல்லை, மின்சாரம் வந்து வந்து போனது. அப்போதுதான் அந்தக் கூட்டாளி கூப்பிட்டான். ராமநாதபுரம் பக்கத்துப் பையன். அழுகையில் பாதி, டவரில் பாதி என்று வார்த்தை அறுந்து அறுந்து வந்தது.

"சிஸ்டர், சாரம் சரிஞ்சிருச்சு. அவன் போயிட்டான். ஆஸ்பத்திரி சவக்கிடங்குல போட்டிருக்காங்க. ரத்த சொந்தம் வந்து கையெழுத்துப் போட்டாத்தான் குடுப்பாங்களாம். அம்மாவக் கூட்டிட்டு வாங்க சிஸ்டர்."

மழையில் நனைந்துகொண்டே மெஸ்ஸுக்குப் போனேன். சாவுச் செய்தி சொல்வது என் தொழிலில் புதிதில்லை. இருந்தும் ஒருவழியாகத்தான் சொல்லி முடித்தேன். அக்கா கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"யார் சொன்னா?"

"கூட இருக்கிற பையன்க்கா."

"அவன் கண்ணால பாத்தானா?"

"பாத்திருக்கான்."

"என் வீட்டுக்காரரையும் பாத்தேன்னுதான் சொன்னாங்க." கிரைண்டரை மறுபடி போட்டார். "பேப்பர்ல வரட்டும் சிஸ்டர்."

மகன் போனுக்கு அடித்துப் பார்க்கத்தான் செய்தார். அணைந்து கிடந்தது. சார்ஜ் போட மறந்திருப்பான் என்றார். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஓர் ஆள் வந்து சொல்லிப் பார்த்தார். அவருக்கு டீ கொடுத்து அனுப்பினார். கூட்டாளி ஒரு போட்டோ அனுப்பினான். அது என் போனில் வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஒரு பகல் முழுக்க எடுத்து இறங்கியது. பார்த்தேன். தாடையில் என் தையல். அதற்குமேல் எனக்குச் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

போனை நீட்டினேன். அக்கா திரும்பவே இல்லை.

"போட்டோவை எப்படி வேணா மாத்துறாங்களாம். உயிரோட இருக்கிறவங்களச் செத்த மாதிரி காட்டுறாங்களாம். பேப்பர்லயே போட்டிருக்கான். நான்தானே உங்களுக்குப் படிச்சுக் காட்டினேன்?"

உண்மைதான். படித்துக் காட்டியிருந்தார்.

மழை விட்டுப் பாதை திறந்தது. தாதா பெரிய கட்டோடு வந்து இறங்கினார். விஷயம் கேள்விப்பட்டதும் அக்காவிடம் வந்தார். "அக்கா, சலோ. என் பஸ்ல முன்னாடி சீட்டு. ஏர்போர்ட்ல நானே விடறேன்" என்றார். அக்கா கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தேதி பார்த்து, பெட்டியில் ஏற்கெனவே இருந்தவற்றுக்கு அடியில் அடுக்கினார். பூட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சாரம் சரிஞ்ச மறுநாள் பேப்பர் உள்ளதான் இருக்கு. ஒரு தடவை, இந்த ஒரே ஒரு தடவை மொறையை விட்டுட்டு எடுத்துப் பாருங்கக்கா."

"அதுக்கு முன்னாடி எத்தனை இருக்கு பாருங்க. வரும்."

"வரும்வரைக்கும் அங்க பிள்ளை இருக்க மாட்டான். எனக்குத் தெரியும்க்கா, இது என் தொழில். யாரும் வரலைன்னா அனாதைப் பொணம்னு எழுதிப் புதைச்சிடுவாங்க." சத்தம் போட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

"அனாதைன்னு எழுதினா அது என் பிள்ளை இல்ல சிஸ்டர். என் பிள்ளைக்குத்தான் நான் இருக்கேனே."

ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், நான் போகிறேன் என்றும் கெஞ்சினேன். மாட்டேன் என்றுவிட்டார். எனக்கு அவர்மேல் அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுக்கத் தீரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடக் கொஞ்சம் தாமதமாகவே பெட்டியைத் திறந்தார். பெட்டிக்குள் அந்தத் தேதி பூட்டிக் கிடக்கும்வரை மகன் உயிரோடு இருந்தான். அதை அவரிடமிருந்து பிடுங்க யாருக்கும் மனசு வரவில்லை.

பேப்பர் இன்னும் பெட்டிக்குள் இருக்கும்போதே கூட்டாளி கூப்பிட்டான். "இன்னைக்கு அடக்கம் பண்ணிட்டாங்க சிஸ்டர். நான் மட்டும் போயி ஒரு பிடி மண்ணு போட்டேன்." நான் அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னாலும் என்ன சொல்வார் என்று தெரியும்.

அந்தத் தேதியும் வந்தது. எல்லோருக்கும் தெரியும், ஆகவே மத்தியானம் யாரும் எழுந்து போகவில்லை. தாதாகூடப் பஸ்ஸை ஸ்டாண்டில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். அவசரப்படவில்லை. உள்பக்கம் ஒன்றில், கீழ் மூலையில் விரல் நின்றது. வழக்கம்போலக் கூட்டிக் கூட்டிச் சத்தமாகப் படித்தார். சாரம் சரிந்து தொழிலாளி பலி. மகனின் பெயரைப் படித்தார். வயதைப் படித்தார். அப்புறம் குரல் உயர்ந்தது.

"ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்." நிமிர்ந்து எங்கள் எல்லோரையும் பார்த்தார். "நல்லாக் கேட்டுக்குங்க. ராமநாதபுரம். இது வேற யாரோ. என் பிள்ளை திக்லிபூர். ராமநாதபுரம் எங்க இருக்குன்னு அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

கூட்டாளியின் ஊரையே இவனுக்கும் சேர்த்து யாரோ எழுதிவிட்டார்கள். மெயின்லேண்டுக்காரர்களுக்கு இது சகஜம். தமிழ் பேசுகிற ஒருவன் அந்தமான்காரனாக இருக்க முடியும் என்று அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது. லீவில் ஊருக்குப் போகும்போதெல்லாம் எனக்கே அதை விளக்கிச் சொல்லி அலுத்திருக்கிறது. ஆனால் அன்றைக்கு அக்காவுக்கு அதை யாரும் விளக்கப் போகவில்லை.

"பாவம், எந்தத் தாய் பெத்த பிள்ளையோ" என்றபடி பேப்பரை மடித்தார். அன்று எல்லோர் இலையிலும் கூட ஓர் அப்பளம் வைத்தார். தாதா சாப்பிட முடியாமல் எழுந்து போய்விட்டார்.

மெஸ் நடந்தது. பேப்பர் தொங்கியது. மகனுக்கு விடுமுறை கிடைக்கவில்லை என்று கேட்காதவர்களிடமும் சொல்வார். பழைய பேப்பரைக் கிழித்துத்தான் அவர் வடை மடித்துக் கொடுப்பது. அந்தத் தேதிப் பேப்பர் மட்டும் வடைக்கு வரவே இல்லை. நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குத் திரும்ப வேண்டியிருந்தது. கிளம்புவதற்கு முன்னால் சொல்லிக்கொள்ளப் போனேன். மீன் வறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். பிறகு பெட்டியைத் திறந்து அடியிலிருந்து அந்தப் பேப்பரை எடுத்தார். நாலாக மடித்த மடிப்பு நைந்துபோயிருந்தது. தினம் பிரித்து மடித்தால்தான் அப்படி நையும்.

"சென்னை வழியாத்தானே போவீங்க சிஸ்டர்?"

"ஆமாக்கா."

"இந்த ஆபீஸ்ல போய் ஒரு வார்த்தை சொல்லணும். தப்பாப் போட்டுட்டாங்க." அவர் என்னைப் பார்க்கவில்லை, அந்த மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "ராமநாதபுரம் இல்ல, திக்லிபூர்னு திருத்திப் போடச் சொல்லுங்க. அம்மா இருக்கான்னும் போடச் சொல்லுங்க. சரியாப் போட்டா நான் அழுதுக்குவேன்."

பேப்பர் தப்பு என்று அவர் வாயிலிருந்து அன்றைக்குத்தான் கேட்டேன். சரிக்கா என்று தலையை ஆட்டினேன்.

சென்னையில் அந்த ஆபீஸைத் தேடிப் போனேன். உள்ளே உட்கார்ந்திருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "மறுப்புன்னா உடனே வந்திருக்கணும்மா. இவ்வளவு பழைய செய்திக்கு இப்பத் திருத்தம் போட்டா யாரும்மா படிப்பாங்க?" என்றார். ஒருத்தி படிப்பாள் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

வெளியே வரும்போது விளம்பரப் பிரிவு கண்ணில் பட்டது. கண்ணீர் அஞ்சலி போட என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன். அங்கிருந்தவர் பேனாவை எடுத்தார். போட்டோ கேட்டார். கப்பல் துறையில் நின்று அவன் சிரிக்கும் படம் என்னிடம் இருந்தது. பெயர் கேட்டார். ஊர் கேட்டார். திக்லிபூர், வடக்கு அந்தமான் என்றேன். எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார். கீழே யார் பெயர் என்றார். அம்மா என்று மட்டும் போடச் சொன்னேன். எந்தச் சான்றும் கேட்கவில்லை. நான் சொன்னதெல்லாம் உண்மைதானா என்றும் கேட்கவில்லை. காசு கொடுத்தால் என்ன வேண்டுமானாலும் போடுவான் என்று மெஸ்ஸில் உட்கார்ந்து வாய் கிழியப் பேசியவள் நான். அன்றைக்கு அந்தக் காசை நானே கொடுத்தேன்.

விளம்பரம் வந்தது. நான் அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. போனில் சொன்னால் அவர் நம்ப மாட்டார். அது விமானம் ஏறி, ஜங்கார் தாண்டி, பெட்டிக்குள் போய்த் தன் முறைக்குக் காத்துக் கிடக்கவேண்டும். நானும் காத்திருந்தேன். என் வீட்டில் பேப்பர் தினமும் காலையிலேயே வந்து விழுந்தது. பிரித்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஒரு மத்தியானம் தாதா கூப்பிட்டார்.

"சிஸ்டர், இன்னைக்கு மெஸ் பந்த், கதவு சாத்திக் கிடக்கு. பேப்பரும் வெளிய மாட்டல. உள்ள அக்கா அழுவுது. சத்தமா, ரொம்ப நேரமா. பஜார்ல எல்லாரும் வெளிய நிக்கிறோம். கதவத் தட்டவா?"

"வேண்டாம் தாதா, தட்டாதீங்க" என்றேன். "அழட்டும். முடிச்சிட்டு அவங்களே சோறு கேப்பாங்க. யார் வீட்டுலயாவது கொஞ்சம் வடிச்சு வெக்கச் சொல்லுங்க."